ஜே.ஆருக்கு எந்தத் தேதியில் கணக்கு முடிப்பது?

எங்கள் வீட்டில் இலங்கையின் முன்னாள் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனாவின் பெயரை எடுத்தால் அப்பா ஒரு கட்சி, மாமா ஒரு கட்சி. இருவரும் இலங்கையில் மாத்தளைப் பக்கத்துத் தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர்கள். இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்ட 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, கேரளத்தின் குளத்துப்புழையில் தாயகம் திரும்பியோருக்கான ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலைக்கு வந்து சேர்ந்தவர்கள். நான் பிறந்தது இங்கே. இலங்கையைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அந்த நாட்டு அரசியல் எங்கள் வீட்டில் தினமும் சோற்றோடு பரிமாறப்பட்டது.

அப்பாவின் கட்சி எளிது. பிரதமர் சிறிமாவோ ஆட்சியில், 1973, 74இல், தோட்டங்களில் பட்டினி. 1977இல் ஜே.ஆர். வந்து இறக்குமதியைத் திறந்துவிட்டதும் கடைகளில் மாவும் அரிசியும் தெரிந்தன. மாமாவுக்கும் நினைவில் நிற்பது அதே 1977தான். தேர்தல் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஆகஸ்டில் கலவரம் லயத்து வாசலுக்கு வந்துவிட்டது.

“செய்தது கும்பல். ஜே.ஆரா வந்து தீ வைத்தார்?” என்பார் அப்பா.

“போலீஸ் யாருடையது மச்சான்?” என்பார் மாமா.

இந்த வழக்கில் மூன்றாவது சாட்சி தேவை என்றுதான் ஜே.ஆரின் அரசியல் வாழ்க்கை வரலாற்றை வாங்கினேன். ஆங்கிலத்தில் இரண்டு தொகுதிகள். எழுதியவர்களில் ஒருவர் இலங்கை வரலாற்றாசிரியர். மற்றவர் 1977 முதல் 79 வரை கொழும்பில் அமெரிக்கத் தூதராக இருந்தவர். முதல் தொகுதி 1988இல், ஜே.ஆர். பதவியில் இருக்கும்போதே வெளிவந்தது. நாயகன் நாற்காலியில் இருக்கையில் எழுதப்படும் வரலாற்றை எந்த மனநிலையில் படிக்க வேண்டுமோ அந்த மனநிலையில்தான் படித்தேன். உழைப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன்.

நான் புனலூரில் ஒரு தணிக்கையாளரிடம் கணக்கு எழுதுகிறவன். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் கணக்கை எந்தத் தேதியில் முடித்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். இவர்கள் முதல் தொகுதியை 1956இல் முடித்திருக்கிறார்கள். அவருக்கு அப்போது ஐம்பது வயது. களனித் தொகுதியில் தோற்ற வருடமும் அதுதான். வசதியான இடம். அதற்கு முன்னால் 1951இன் சான்பிரான்சிஸ்கோ மாநாடு இருக்கிறது: பகை பகையால் தணியாது என்ற புத்தர் வாக்கைச் சொல்லி, ஜப்பானிடம் இழப்பீடு வேண்டாம் என்றவர். 1956க்குப் பின்னால், தோற்ற மனிதர் ஒருவர் மீண்டு எழப் போராடுகிறார். 1957இல் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் செய்த பண்டா–செல்வா ஒப்பந்தத்தை எதிர்த்துக் கண்டிக்கு நடக்கப் புறப்பட்டதும், இம்புல்கொடையில் மறிக்கப்பட்டதும் தோல்வியின் பின்விளைவு போலத் தெரிந்துவிடுகின்றன.

1956இல் போட்ட அந்தக் கோட்டை அழித்துவிட்டுப் பாருங்கள். 1944இலேயே, பிரிட்டிஷ் காலச் சட்டமன்றமான அரச சபையில், சிங்களத்தை ஆட்சிமொழியாக்கத் தீர்மானம் கொண்டுவந்தவர் அவர். தமிழையும் சேர்க்கும் திருத்தத்தை ஏற்றார், அது உண்மை. 1948இல் எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தபோது அந்த அமைச்சரவையின் நிதி அமைச்சர் அவர்தான். பிறகு கண்டி நடை. தோல்வி அவரை மாற்றியது என்று என்னால் நம்ப முடியவில்லை.

அப்பா தரப்புக்குச் சாதகமாகச் சொல்ல விஷயம் இல்லாமல் இல்லை. 1987இல், எண்பது வயதில், சொந்தப் பிரதமரே எதிர்த்தபோதும் ராஜீவ் காந்தியோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மாகாண சபைகள் அதிலிருந்து வந்தவை.

ஆனால் அவருக்காக வழக்கமாகச் சொல்லப்படும் “சூழ்நிலைக் கைதி” என்ற வாதம் அவர் விஷயத்தில் எடுபடாது. 1977 தேர்தலில் 168 இடங்களில் 140 அவர் கட்சியுடையவை. அரசியலமைப்பைத் திருத்தி, 1978இல் நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதியானார்; அதே ஆண்டில் புதிய அரசியலமைப்பையும் கொண்டுவந்தார். தம் எம்.பி.க்களிடம் தேதியில்லாத ராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். 1982இல் பொதுத் தேர்தல் நடத்தாமல், பொதுஜன வாக்கெடுப்பு வைத்தே பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருடம் நீட்டினார். இத்தனையும் கையில் வைத்திருந்தவர், 1983 ஜூலையில் கொழும்பு எரியத் தொடங்கி நான்கு நாள் கழித்து, 28ஆம் தேதி தொலைக்காட்சியில் தோன்றினார். செத்த தமிழருக்கு ஓர் அனுதாபச் சொல்கூட அந்த உரையில் இல்லை. அதிகாரம் இல்லாதவன் கையை விரிக்கலாம். இவருக்கு அந்த உரிமை கிடையாது.

மாமா ஜெயித்துவிட்டார் என்று முடித்திருப்பேன், குடியுரிமை விவகாரம் இல்லாவிட்டால். 1986 ஜனவரியில் தொண்டமானின் தொழிற்சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தோட்டங்களில் பிரார்த்தனைப் போராட்டம் அறிவித்தது. அந்த ஆண்டே நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது; 1988இல் இன்னொன்று மிச்சத்தை முடித்தது. 1948இல் பறித்த அமைச்சரவையில் இருந்த அதே மனிதரின் ஆட்சியில் திரும்பக் கிடைத்தது. நெருக்கினால் கொடுத்தார் என்பது என் முடிவு. யாரும் நெருக்காத இடத்தில் எதையும் கொடுத்ததாகத் தெரியவில்லை. அப்பாவுக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை. மாமாவோ, நாற்பது வருட வட்டியை யார் தருவது என்று கேட்கிறார்.

இந்தியாவுக்கு விண்ணப்பிக்காமல் மாத்தளையிலேயே தங்கிவிட்ட அத்தைக்கு 1988 சட்டத்தில்தான் குடியுரிமை கிடைத்தது. 1989 பிப்ரவரித் தேர்தலில் முதல் முறையாக வாக்களித்தார். ஜே.ஆர். கட்சியின் சின்னமான யானைக்குத்தான் போட்டாராம். அத்தை தொலைபேசியில் அழைத்தால் மாமா இன்றைக்கும் அதை இழுக்காமல் விடுவதில்லை.