புளியங்கொட்டைப் போக்கரும் ஒரு கணக்கு நோட்டும்

காரைக்குடிப் பக்கம் எங்கள் வீட்டுப் பட்டாலையில் ஞாயிறு மதியம் போக்கர் ஆடுகிறோம். டெக்சஸ் ஹோல்டெம்: ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், ஐந்து சீட்டு நடுவில். காசு கிடையாது, புளியங்கொட்டைதான் பந்தயம். விதிகளும் வாய்ப்புக் கணக்கும் ஓரளவு கைவந்துவிட்டன. இப்போது நான் பழக்கிக்கொண்டிருப்பது மனசை.

போக்கரில் சரியாக ஆடியும் தோற்கலாம், தப்பாக ஆடியும் ஜெயிக்கலாம். கையில் இரண்டு ஏஸ், எதிராளியிடம் இரண்டு ராஜா, மொத்தக் கொட்டையும் நடுவில் என்றால் ஏஸ் வைத்திருப்பவர் சுமார் 82 சதவீதம் ஜெயிப்பார். மீதி வேளைகளில் தோற்பார். அந்தத் தோல்வியை "நான் ஆடியது தப்பு" என்று மனசு பதிந்துகொண்டால், அடுத்த முறை நல்ல சீட்டிலும் கை நடுங்கும்.

இதற்குத்தான் நோட்டு. கொண்டுவிக்க, அதாவது கடல்தாண்டி வியாபாரத்துக்கு, போன காலத்துப் பேரேடுகள் இன்னும் பெட்டகத்தில் கிடக்கும் வீடு இது, எழுதிவைப்பது எங்களுக்குப் புதிதில்லை. பந்தயம் பெரிதானால், சீட்டைத் திருப்பும் முன்பே இடது பக்கத்தில் எழுதுகிறேன்: என்ன செய்தேன், ஏன், ஜெயிக்க எத்தனை சதவீதம் என்று நினைக்கிறேன். முடிவு வலது பக்கத்தில். மாதக் கடைசியில் ஐந்தொகை போட்டுக் கணக்கை முடிக்கும்போது இடது பக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். "எழுதி முடிச்சியா ராசா, சீட்டப் போடலாமா?" என்று அப்பத்தா அவசரப்படுத்துவார். அந்த அரை நிமிடம் எனக்கு அவசியம். சீட்டு திரும்பியபின் எழுதினால், "அப்பவே தெரியும்" என்று மனசு கதை கட்டிவிடும்.

போன வாரத்துக் கை ஒன்று. நான்கு ஆட்டின் சேர்ந்துவிட்டது, ஐந்தாவதும் வந்தால் ஃப்ளஷ் என்ற பெரிய சேர்க்கை, இன்னும் ஒரே சீட்டு பாக்கி. நடுவில் 60 கொட்டை, தம்பி 30 வைத்தான். நான் 30 போட்டால் மொத்தம் 120, ஆக 25 சதவீத வாய்ப்பாவது வேண்டும். பார்க்காத 46 சீட்டில் ஆட்டின் 9, அதாவது 20 சதவீதத்துக்கும் குறைவு. சீட்டை மடக்கி அந்தக் கையிலிருந்து விலகினேன். கடைசிச் சீட்டு ஆட்டினாகவே விழுந்தது! வயிறு எரிந்தது உண்மை. ஆனால் இடது பக்கம் சரியாக இருந்தது, அந்த முடிவை இன்றைக்கும் மாற்றமாட்டேன்.

உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் ஏமோஸ் டிவெர்ஸ்கியும் 1979-இல் எழுதியது இங்கே கண்கூடு: அதே அளவு லாபத்தின் சந்தோஷத்தைவிட நஷ்டத்தின் வலி பெரிது. புளியங்கொட்டைக்கே இப்படி. விட்டதை உடனே பிடிக்கத் தோன்றும் அந்த வேகத்தைப் போக்கரில் டில்ட் என்பார்கள். பெரிய கை தோற்றால் அடுத்த இரண்டு கை எதுவானாலும் மடக்கிவிடுவது என்று விதி வைத்திருக்கிறேன். நல்ல சீட்டு சில போகும், போகட்டும். இரண்டு ஏஸ் வருவதே 221 கைக்கு ஒன்றுதான்.

சும்மா உட்கார்ந்திருக்கும் அந்த நேரம் எதிர்பாராத லாபம். மற்றவர்களை நிதானமாகக் கவனிக்க முடிகிறது. முகத்தைப் பார்ப்பதைவிட பழக்கத்தை எண்ணுவது பலன் தருகிறது: மச்சான் அபூர்வமாகத்தான் பந்தயத்தை ஏற்றுவார், ஏற்றினால் நல்ல சீட்டு இருக்கும். தம்பி பிளஃப் அடிப்பது, அதாவது நல்ல சீட்டு இல்லாமலே இருப்பதுபோல் பந்தயம் வைப்பது, பெரும்பாலும் தோற்ற கைக்கு அடுத்த கையில்.

நோட்டில் ஒன்று இன்னும் இடிக்கிறது. "80 சதவீதம்" என்று நான் எழுதிய கைகளில், அந்த அளவுக்கு ஜெயிப்பதில்லை. பிளஃபைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்கும் கைகளில்தான் இந்த இடைவெளி அதிகம், அதனால் அவற்றைத் தனியாகக் குறிக்கத் தொடங்கியிருக்கிறேன். பிள்ளையார் நோன்புக்கு ஊரே திரும்பி வரும், ஒன்பது பேர் உட்காருவோம். எல்லாரும் கடைசிவரை நின்றால் இரண்டு ஏஸ்கூட மூன்றில் ஒரு பங்குதான் ஜெயிக்கும். அதற்குள் அந்த 80-ஐ நேர்செய்துவிட வேண்டும்.