தொட்டிச் சுவரில் காத்திருக்கும் முட்டை

டெங்கு மழைக்காலத்து நோய் என்றே எங்கள் பகுதியில் பலரும் நம்புகிறார்கள். ஆனால் 2012ஆம் ஆண்டில், அன்று திருநெல்வேலி மாவட்டத்திலும் இன்று தென்காசி மாவட்டத்திலும் உள்ள கடையநல்லூர் வட்டாரத்தில் டெங்கு பரவத் தொடங்கியது ஐப்பசி மழையில் அல்ல, கோடையில். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் 12,000க்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டது. அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

கோடையில் கொசுவுக்குத் தண்ணீர் ஏது? நாம்தான் கொடுக்கிறோம். குழாயில் சில நாட்களுக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும் என்றால், குடம், டிரம், சிமெண்ட் தொட்டி என எல்லாவற்றிலும் பிடித்து வைப்பதைத் தவிர மக்களுக்கு வேறு வழியில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டுக்குள் தேங்கிய தெளிந்த நீரே அதற்குப் போதும்.

எங்கள் வீட்டு முற்றத்துத் தொட்டியில் நீர் வற்றிய ஒரு நாள், டார்ச் அடித்து உட்சுவரைப் பார்த்தேன். பழைய நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, மூக்குப்பொடியைத் தூவியது போலக் கருமையான புள்ளிகள் ஒட்டியிருந்தன. அவைதான் முட்டைகள். நீர் இல்லாமல் காய்ந்தாலும் பல மாதங்கள் உயிரோடிருந்து, நீர்மட்டம் உயர்ந்து நனைத்தவுடன் பொரிப்பவை. ஆகவே தொட்டியைக் காலி செய்வது மட்டும் போதாது. தேங்காய் நாரால் சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும்.

மழையிலும் வேறுபாடு உண்டு. கொட்டித் தீர்க்கும் பெருமழை பாத்திரங்களை வழியச் செய்து புழுக்களை அடித்துச் சென்றுவிடும். நான் அஞ்சுவது ஆனி, ஆடிச் சாரலைத்தான்: சிறிது தூறி, சிரட்டையையும் பழைய டயரையும் நிரப்பிவிட்டு, அடுத்த சில நாட்கள் வெயிலடித்தால், முட்டை ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடுகிறது.

வெப்பத்தின் பங்கைப் பற்றி நாம் மிகக் குறைவாகவே பேசுகிறோம். நோயாளியின் இரத்தத்தோடு கொசுவின் குடலுக்குள் போன வைரஸ், அதன் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்த பிறகே அந்தக் கொசு பிறருக்கு நோயைத் தரும். 25 முதல் 28 டிகிரி வெப்பத்தில் இதற்கு 8 முதல் 12 நாட்கள் ஆகும்; வெப்பம் ஏற ஏற இந்தக் காலம் சுருங்கும். கொசுவின் வாழ்நாளே சில வாரங்கள்தான் என்பதால், வைரஸ் முதிர்வதற்குள் செத்துப்போயிருக்க வேண்டிய கொசு, இரண்டு மூன்று நாட்கள் மிச்சமானதாலேயே நம்மைக் கடிக்க முந்திக்கொள்கிறது. மிகுந்த வெயில் கொசுவையும் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் இது பகலில் பீரோவுக்குப் பின்னாலும் தொங்கும் துணிகளிலும் ஒதுங்கி, வெளியே கொளுத்தும் வெயிலிலிருந்து தப்பிவிடுகிறது.

கொசு வளரும் நாட்கள், அதற்குள் வைரஸ் முதிரும் நாட்கள், கடிபட்டவருக்குக் காய்ச்சல் தொடங்க ஆகும் 4 முதல் 10 நாட்கள் ஆகியவற்றைக் கூட்டினால், மழைக்கும் காய்ச்சலுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு மாத இடைவெளி இருக்கிறது. தெருவில் காய்ச்சல் பரவிய பிறகு புகை அடிக்கச் சொல்லிக் குரல் எழுப்பும் நாம், இந்த ஒரு மாதத்தை ஆண்டுதோறும் வீணாக்குகிறோம் என்பதே என் வருத்தம்.

இந்த ஆண்டு முதல் சாரல் விழுந்த மறுநாள் காலையிலேயே, கொல்லையில் பயன்படாமல் கிடந்த ஆட்டுரலின் குழியில் அம்மா மணலைக் கொட்டி நிரப்பினார். நான் தொட்டியைத் தேய்த்தேன்.