ஒன்பது வயது வரை ஒரே வகுப்பறை

ஆங்கில எழுத்தாளர் மேரி வோல்ஸ்டன்கிராஃப்ட் பெண்களின் உரிமைகளுக்காக 1792-இல் எழுதிய நூலைப் பற்றிப் பேசுகிறவர்கள், பெரும்பாலும் அதன் தொடக்க அத்தியாயங்களோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கோ, பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அவர் கட்டியெழுப்பும் பள்ளிக்கூடம்தான் அந்த நூலின் உயிர் என்று தோன்றுகிறது.

அது அரசு நிறுவ வேண்டிய பகல்நேரப் பள்ளி. ஐந்து முதல் ஒன்பது வயது வரை, ஏழை பணக்காரர் என்ற பேதமின்றிச் சிறுவரும் சிறுமியரும் ஒன்றாக அமர்ந்து கட்டணமில்லாமல் படிப்பார்கள். ஏற்றத்தாழ்வு கண்ணில் படாதிருக்க எல்லோருக்கும் ஒரே மாதிரி உடை. பள்ளியைச் சுற்றிப் பரந்த மைதானம் இருக்கும். எந்தப் பிள்ளையையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உட்கார வைக்கக் கூடாது. எழுத்து, கணக்கு, தாவரவியல், வானியல் எல்லாம் இருபாலருக்கும் பொது. லண்டனை அடுத்த நியூவிங்டன் கிரீனில் சகோதரிகளோடும் தோழியோடும் பள்ளி நடத்தியவர் என்பதால், மைதானத்தையும் மணிக் கணக்கையும்கூட அவர் மறக்கவில்லை.

பெண்ணின் கல்வி ஆணுக்கு இனியவளாக இருப்பதற்கே என்று 1762-இல் பிரெஞ்சு மொழிச் சிந்தனையாளர் ரூசோ எழுதியிருந்தார். ஓடியாட விடாமல் அடைத்து வளர்த்துவிட்டு, பெண் இயல்பிலேயே பலவீனமானவள் என்று சொல்வது என்ன நியாயம் என்பதே மேரியின் கேள்வி. பகுத்தறிவு மனிதருக்குப் பொதுவானது என்றால், அதைப் பயிற்றும் கல்வியும் பொதுவாகத்தான் இருக்க வேண்டும். பெண்கள் மருத்துவர்களாகலாம், வணிகம் செய்யலாம் என்றும் அவர் எழுதினார்; பிழைப்புக்காகத் திருமணம் செய்துகொள்ளும் நிலையிலிருந்து அது அவர்களைக் காக்கும் என்று நம்பினார். ஆண்கள் மீது அதிகாரம் கேட்கவில்லை, பெண்களுக்குத் தங்கள்மீதே அதிகாரம் வேண்டும் என்கிறேன் என்ற அவருடைய வரியை நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன்.

ஆனால் அந்தப் பள்ளியில் ஒன்பது வயது முடிந்ததும் பிள்ளைகள் பிரிக்கப்படுகிறார்கள். வீட்டு வேலைக்கும் கைத்தொழிலுக்கும் போகவேண்டியவர்கள் வேறு பள்ளிக்குச் செல்ல, திறமையோ வசதியோ உள்ளவர்கள் மொழிகளும் வரலாறும் கற்கிறார்கள். முதல் வகையினருக்குக் காலை வகுப்புகள் சேர்ந்தே நடந்தாலும், மதியத்துக்கு மேல் சிறுமியர் தையலுக்குப் போய்விடுகிறார்கள். பால் வேற்றுமையை அவ்வளவு தெளிவாகக் கண்டவர் வர்க்க வேற்றுமைக்கு இப்படி இடம்கொடுத்தது எனக்கு வருத்தமே. தையல் பயிலப் போகும் அந்த ஏழைச் சிறுமிக்கும், காலையில் கற்ற வானியல் மேலும் கற்கும் ஆசையைத் தூண்டியிருக்கும் அல்லவா?