கையில் குறைந்தது 1,700; பென்ஷனில் சேர்ந்தது 7,875

புதிய வரி முறையில் ஓய்வூதியச் சேமிப்புக்குச் சலுகையே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். 80சி என்று அறியப்படும் 1.5 லட்சக் கழிவும், என்பிஎஸ் என்ற தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் நாமே போடும் 50,000-க்கான கழிவும் அதில் இல்லைதான். ஆனால் 80சிசிடி(2) என்று அறியப்படும் கழிவு இருக்கிறது. நம் பெயரில் நிறுவனம் என்பிஎஸ்ஸில் கட்டினால், அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படியில் 14 சதவீதம் வரை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். 2024 ஜூலை பட்ஜெட் வரை தனியார் ஊழியர்களுக்கு இது 10 சதவீதமாக இருந்தது.

2025 பிப்ரவரி பட்ஜெட்டில் 12 லட்சம் வரை வரி இல்லை என்று அறிவித்தார்கள். என் ஆண்டுச் சம்பளம் 13.5 லட்சம். நிலையான கழிவு 75,000 போனால் 12.75 லட்சம். 12 லட்சத்தைத் தாண்டியதால் அந்தச் சலுகை இல்லை; செஸ் சேர்த்து வரி 74,100 ரூபாய். என் பேசிக் 56,250. அதில் 14 சதவீதம் மாதம் 7,875, ஆண்டுக்கு 94,500. இது என்பிஎஸ்ஸுக்குப் போனால் வருமானம் 11,80,500 ஆகிவிடும், வரி பூஜ்யம். மாத வரிப்பிடித்தம் 6,175 நிற்பதால் கையில் வருவது 1,700 மட்டுமே குறையும். இதைத் தாளில் போட்டுப் பார்த்த அன்றே எச்ஆரிடம் போய்விட்டேன்.

“நம்ம கம்பெனியில அது இல்லையே மேடம்” என்றார் மேலாளர். சம்பளத்தைக் கூட்டச் சொல்லவில்லை, ஸ்பெஷல் அலவன்ஸில் ஒரு பகுதியை என்பிஎஸ்ஸாக மாற்றினால் போதும் என்று விளக்கினேன். நிறுவனமும் அந்தத் தொகையைச் செலவாகக் காட்டலாம் என்றதும் கணக்குப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே இருந்த அக்கா விஷயம் தெரிந்தவர். ஒரு வங்கி வழியாக நிறுவனத்தைக் கார்ப்பரேட் என்பிஎஸ்ஸில் பதிவு செய்ய வேண்டியிருந்தது. விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததில் மார்ச்சில் அது முடிந்தது. ஆண்டு முழுவதற்குமான சலுகை வேண்டுமென்றால் ஏப்ரல் சம்பளத்திலேயே தொடங்க வேண்டும் என்பதால்தான் அந்த அவசரம்.

கணக்கு தொடங்குவது ஆதார் ஓடிபி-யோடு சுலபம்தான். சிக்கல் இனிஷியலில் வந்தது. பான் கார்டில் இனிஷியலை ஏற்க மாட்டார்கள் என்பதால் அப்பா பெயர் முழுதாக, என் பெயருக்குப் பின்னால் இருக்கிறது. வங்கிப் புத்தகத்திலோ முன்னால் ஒற்றை எழுத்து, ஒரு புள்ளி. வங்கிக் கணக்கைச் சரிபார்க்க ஒரு ரூபாய் போட்டுப் பெயரை ஒப்பிடுகிறார்கள்; அங்கேயே நின்றுவிட்டது. பான் நகலைக் கிளையில் கொடுத்து பெயரைத் திருத்திய பிறகுதான் பிரான் எனப்படும் 12 இலக்க என்பிஎஸ் கணக்கு எண் வந்தது. நம்மில் பாதிப் பேருக்கு இந்த இனிஷியல் பிரச்சினை இருக்கும், முதலில் அதைச் சரிசெய்துவிடுங்கள். ஏற்கெனவே பிரான் உள்ளவர்கள் புதிதாகத் திறக்கக் கூடாது. அதே எண்ணைக் கார்ப்பரேட் பிரிவுக்கு மாற்றினால் போதும்.

முதலீட்டில் ஆட்டோ சாய்ஸ் எடுத்தேன். வயது ஏற ஏறப் பங்குச் சந்தைப் பங்கு தானாகக் குறையும், எனக்கு அது போதும்.

ஒன்றைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். இது 60 வயதுக்கான பணம். இடையில் குழந்தைகளின் படிப்பு, வீடு, சிகிச்சை போன்றவற்றுக்கு எடுக்கலாம் என்றாலும், நம் சொந்தப் பங்களிப்பில் 25 சதவீதம்தான். நிறுவனம் கட்டியது அதில் சேராது. அவசரத்துக்கு வேறு சேமிப்பு இல்லாதவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். முடிவில் மொத்தமாக எடுப்பதில், திரண்ட தொகையின் 60 சதவீதம் வரை வரி இல்லை. மீதித் தொகையில் வாங்கும் ஆனுவிட்டி என்ற பென்ஷன் திட்டத்திலிருந்து வரும் மாதப் பென்ஷனுக்கு வரி உண்டு.

ஏப்ரல் சம்பளச் சீட்டில் என்பிஎஸ்ஸுக்கான 7,875 தனி இனமாக வந்தது. அதோடு விடாமல், பிரான் கணக்கில் யூனிட் ஏறிய தேதியையும் மாதாமாதம் பார்க்கிறேன். பிடித்த பணம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் கணக்குப் பிரிவில் கேட்பதற்கு அந்தத் தேதிதான் ஆதாரம்.