டைசனை வில்லன் என்று நினைத்திருந்தோம்

1996 பொங்கலுக்குப் பெரியப்பா வீட்டில் டெக் வாடகைக்கு எடுத்தார்கள். ஒரு ராத்திரிக்கு நாலு கேசட். மூன்று தமிழ்ப் படம் பெரியவர்களுக்கு, நாலாவது "அர்னால்டு படம், பசங்க பாப்பாங்க" என்று கடைக்காரர் சேர்த்துக் கொடுத்த டெர்மினேட்டர் 2. அதைப் போடும்போது மணி இரண்டுக்கு மேல் ஆகியிருக்கும். கூடத்தில் எல்லோரும் பாயில் சாய்ந்துவிட்டார்கள், முழித்திருந்தது நாங்கள் ஐந்து பேர். அதில் ஆங்கிலம் தெரிந்தவன் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவன்தான். அவன் சத்தம் வராமல் கிசுகிசுவென்று சொன்ன கதைதான் எனக்கு இத்தனை வருஷமாக அந்தப் படம்.

அந்தக் கதைப்படி சாரா கானர் ஒரு பைத்தியம், அதனால் ஆஸ்பத்திரியில் அடைத்துவைத்திருக்கிறார்கள். டைசன் என்கிற கறுப்பு ஆள் ரோபோ செய்து உலகத்தை அழிக்கப் பார்க்கும் விஞ்ஞானி. உருகி ஓடும் போலீஸ்காரன் அவனுடைய கையாள். அர்னால்டு நல்லவர், அதை யாரும் சொல்லவே வேண்டியதில்லை.

போன மாதம் என் மகளோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். பதின்மூன்று வயது, அர்னால்டு யாரென்றே தெரியாது. முதல் இருபது நிமிஷம் நச்சரித்துவிட்டாள்: "அப்பா, இதுல யாருப்பா கெட்டவன்?" அப்போதுதான் எனக்கு உறைத்தது, இந்தப் படத்தை எடுத்தவர் விரும்பியபடி பார்ப்பது இவள்தான் என்று. 1984இல் வந்த முதல் பாகத்தில் அர்னால்டுதான் கொலைகார எந்திரம். இதிலும் அதே முகம், அதே தோல் ஜாக்கெட், பூப்பெட்டிக்குள் துப்பாக்கி. எதிரில் ஒல்லியாக, பதவிசாகப் பேசுகிற ஒரு போலீஸ்காரர். கடைவீதிக் கட்டடத்தின் பின்பக்க நடைபாதையில் சாராவின் பையன் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும்போதுதான், எதிர்காலத்திலிருந்து யார் அவனைக் காப்பாற்ற, யார் கொல்ல வந்திருக்கிறார்கள் என்று தெரியும். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அந்த இடம் அன்றைக்குச் சும்மா ஒரு சண்டைக் காட்சி, அவ்வளவுதான்.

கிராபிக்ஸ் பழசாகியிருக்கும், மகள் சிரிப்பாள் என்று பயந்துகொண்டேதான் போட்டேன். சிரிக்கவில்லை. முதல் பாகம் சுமார் 64 லட்சம் டாலரில் எடுத்த படம், 1991இல் வந்த இதற்குச் சுமார் 10 கோடி. இருந்தும் முழுப் படத்திலும் கம்ப்யூட்டரில் செய்தது ஐந்து நிமிஷம்போலத்தான். மற்றதெல்லாம் கைவேலை. போலீஸ்காரன் நெஞ்சில் குண்டு பட்டுப் பூப்போல விரிகிறதே, அது சட்டைக்குள் வைத்த ஸ்பிரிங் விரித்த வெள்ளி நிற ரப்பர், இந்த மாதிரி பொம்மை, மேக்கப் வித்தைகளில் பேர்போன ஸ்டான் வின்ஸ்டனின் ஆட்கள் செய்தது. (நம் எந்திரன் படத்து ரோபோவுக்கும் வேலை செய்தது அவர் பட்டறையில் வளர்ந்தவர்கள்தான்.) ஆஸ்பத்திரிக் காவலாளி காபி எடுக்கும்போது பின்னால் அதே காவலாளி எழுந்து நிற்பானே, அதில் கிராபிக்ஸ் கிடையாது, இரட்டைப் பிறவிகள் இரண்டு பேரை நடிக்கவைத்திருக்கிறார்கள். கடைசியில் இரண்டு சாரா வருவதற்கும் சாராவாக நடித்த லிண்டா ஹாமில்டனின் இரட்டைச் சகோதரியையே கூட்டிவந்து நிறுத்திவிட்டார் இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன்.

அந்தப் போலீஸ்காரன் கம்பிக் கதவுக்குள் நுழைந்து வருகிற இடத்தை நாங்கள் ஐந்து பேரும் ரீவைண்ட் செய்து செய்து பார்த்தோம். முகம் கம்பியைச் சுற்றி வழிந்து மறுபக்கம் ஒட்டிக்கொள்ளும். இப்போது பார்த்தால் எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த நொடி. உடம்பு மொத்தமும் வந்துவிடும், கையிலிருக்கிற துப்பாக்கி மட்டும் கம்பியில் 'டிக்' என்று தட்டி நிற்கும், அது நிஜ இரும்பாயிற்றே. அவன் திரும்பி, மணிக்கட்டைக் கொஞ்சம் சாய்த்து அதை உருவிக்கொண்டு போவான். அந்த ஒரு 'டிக்' இல்லாவிட்டால் முன்னால் பார்த்தது வித்தையாக நின்றுபோயிருக்கும்.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். பையன் அர்னால்டுக்குத் தெருப் பேச்சு கற்றுக்கொடுக்கும் இடங்கள் கொஞ்சம் இழுவை. முதல் பாகத்தில் உயிருள்ள சதை மூடியிருந்தால்தான் காலம் தாண்டி வர முடியும் என்றார்களே, முழுக்கத் திரவ உலோகமாக இருக்கிற இவன் எப்படி வந்தான்? சரி, விடுங்கள்.

ஆனால் சாரா. அண்ணன் சொன்ன பைத்தியம். படம் ஆரம்பிக்கும்போதே அவள் குரல் சொல்கிறது, 1997 ஆகஸ்டு 29இல் 300 கோடி மனித உயிர்கள் முடிந்தன என்று. அந்தத் தேதி எங்களுக்கும் மனப்பாடம். அது ஒரு வெள்ளிக்கிழமை, நான் ஏழாம் வகுப்பு, கணக்குப் பீரியடில் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்ததற்குத் தலையில் குட்டு வாங்கினேன். பத்து வயசுப் பிள்ளையிடமிருந்து பிரித்து அடைத்துவைத்த ஒருத்தி, தான் சொல்வது உண்மை என்று தெரிந்தும் யாரையும் நம்பவைக்க முடியாமல் கட்டிலை நிமிர்த்திவைத்து அதன் காலைப் பிடித்துத் தொங்கி உடம்பை மேலே தூக்கித் தூக்கிப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் கத்தும்போதெல்லாம் சிறுவயதில் எரிச்சலாக வந்தது. இப்போது அவள் பேசாமல் இருக்கும்போதுதான் பயமாக இருக்கிறது.

பின்னால் உலகத்தை அழிக்கப்போகிற எந்திரங்களுக்கு ஆரம்பம் டைசன் தெரியாமல் செய்கிற வேலைதான், அதனால் அவரைக் கொல்ல சாரா அவர் வீட்டுக்குப் போகிறாள். அவர் ராத்திரியில் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறார், முதுகில் சிவப்புப் புள்ளி. அந்த நேரம் பார்த்து அவருடைய சின்னப் பையன் ரிமோட் காரை ஓட்டி அப்பா காலில் முட்டவிடுகிறான், அவர் குனிகிறார், குண்டு தலைக்கு மேலே போகிறது. நான் சாஃப்ட்வேரில் இருக்கிறவன். சனிக்கிழமை ராத்திரி லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு "அஞ்சு நிமிஷம்மா" என்று சொல்கிற ஆள். அந்தக் காட்சியில் நான் எந்தப் பக்கம் இருக்கிறேன் என்று மகளுக்கும் தெரிந்துவிட்டது, திரும்பி என்னைப் பார்த்தாள். விழுந்து கிடக்கிற ஆளை அழுகிற பிள்ளை கட்டிக்கொள்ள, மேலே துப்பாக்கியோடு நிற்கிற சாராதான் அப்போது அச்சு அசல் டெர்மினேட்டர். சுட முடியாமல் சுவரில் சரிந்து உட்காருகிறாள்.

அப்புறம் டைசன் தன் பல வருஷ உழைப்பைத் தானே அழிக்க ஒத்துக்கொள்கிறார். போலீஸ் சுட்டுவிடுகிறது. வெடியைத் தூண்டும் கருவிக்கு மேலே கனமான ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கை விழுந்தால் கட்டடம் போய்விடும் என்கிற நிலையில் மூச்சு வாங்குகிறார். இன்னொன்று. இன்னொன்று. ஒவ்வொன்றும் முன்னதைவிடச் சின்னதாகிக்கொண்டே போகிறது. ஜோ மார்ட்டன் என்ற நடிகர், அந்த மூச்சிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சுட்டவர்களே ஓடித் தப்ப நேரம் கிடைக்கிறது.

அந்த இடத்தில்தான் 1996இல் நாங்கள் கைதட்டினோம், வில்லன் செத்தான் என்று. பெரியம்மா எழுந்துவந்து திட்டினார்.

படம் முடிந்ததும் அண்ணனுக்குப் போன் போட்டேன். இப்போது அவனுக்கு நாற்பத்தைந்து, சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு பத்து மணிக்கே படுத்துவிடுகிறவன்.

"அந்த டைசன் நல்லவருண்ணே. நீ வில்லன்னு சொன்னியே."

"எனக்கு மட்டும் அந்த அமெரிக்கா இங்கிலீஷு புரிஞ்சுதாடா? நீங்க நாலு பேரும் 'யாரு, யாரு'ன்னு பிடுங்கினீங்க. எவனோ ஒருத்தனைக் காட்டினேன்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சிரித்தோம். வைக்கப் போகும்போது கேட்டான்: "கடைசில கொதிக்கிற இரும்புக்குள்ள எறங்குறப்ப அர்னால்டு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவானே, அதாச்சும் நெசமா, இல்ல நான் சொன்னதா?"

"நெசம்தாண்ணே."

"ஆமா, அன்னைக்கு நீ அழுத" என்றான்.