திரிந்துபோன தொட்டி

மருந்துக் கம்பெனியில் சேர்ந்த முதல் வருஷமே ஒரு தொட்டி புரதத்தைத் திரியவிட்டவன் நான். அதற்கு வேறு சொல் பொருந்தாது, பார்க்க எலுமிச்சை பிழிந்த பால் மாதிரியே இருந்தது.

ஈ.கோலை பாக்டீரியாவை வைத்து இன்சுலினின் முன்வடிவத்தைச் செய்வது எங்கள் வேலை. அதுவும் மளமளவென்று செய்யும், ஆனால் எதையும் சரியாக மடிக்காமல் கட்டி கட்டியாக உள்ளேயே குவித்துவிடும். அந்தக் கட்டிகளை எடுத்து அடர்த்தியான, 8 மோலார் யூரியாக் கரைசலில் கரைத்தால், அமினோ அமிலங்கள் கோத்த புரதச் சங்கிலி முழுசாகப் பிரிந்துவிடும், அப்புறம் அதை நிறைய பஃபரில், அதாவது அமிலத்தன்மை மாறாத கரைசலில், சன்னமாக விட்டுக்கொண்டே வந்தால் யாரும் சொல்லித்தராமல் தானே மடிந்துகொள்ளும். புரதத்தின் வடிவம் அதன் அமினோ அமில வரிசையிலேயே இருக்கிறது என்று ஒரு நொதியை வைத்துக் காட்டியவர் ஆன்ஃபின்சன், 1972இல் அதற்காக நோபல் வாங்கினார்.

சன்னமாக விடுவதில்தான் சறுக்கினேன். ஷிப்ட் முடிய அரை மணி நேரம் இருந்தது, பம்பின் வேகத்தைக் கூட்டிவிட்டேன். மடிந்தபின் உள்ளே ஒளிய வேண்டிய எண்ணெய்ப் பசைப் பகுதிகள் பக்கத்துச் சங்கிலியோடு ஒட்டிக்கொள்ள, தொட்டி வெளுத்துவிட்டது. சீனியர் அக்கா டார்ச் அடித்துப் பார்த்தார். "பஸ் நெரிசல்ல நின்னுக்கிட்டு புடவை மடிக்க முடியுமாப்பா?" அவ்வளவுதான் கேட்டார், திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதே 51 அமினோ அமிலங்கள் அதே வரிசையில் இருந்தாலும், மடிப்பு தப்பினால் அது இன்சுலின் இல்லை. உடம்புக்குள்ளும் இதே கதைதான். நுரையீரலைக் கெடுக்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு புரதத்தின் 508ஆவது அமினோ அமிலம் இருக்காது, அதனால் அது ஒழுங்காக மடியாது, செல்லே அதைக் கழித்துக்கட்டிவிடும், தரம் பார்க்கும் எங்கள் கியூசி ஆட்களை விடக் கறாராக. இந்த நோய்க்கு 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மூன்று மருந்துக் கூட்டில் இரண்டு, அந்த மடிப்புக்குக் கைகொடுப்பவை.

இப்போது புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற ஏஐ இருக்கிறதே என்பார்கள். சரி, மடிந்து முடிந்த வடிவத்தை அது பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடும். பம்பை எந்த வேகத்தில் ஓட்டுவது என்று சொல்லாது.

போன கோடையில் ஊருக்குப் போனபோது, கரண்ட் போய்ப் போய் வருகிறதே என்று அம்மா இன்சுலின் குப்பியை ஃப்ரீசரில் வைத்திருந்தார். உறைந்து உருகிய இன்சுலினை, பார்க்கக் கலங்காமல் இருந்தாலும் ஊசி போடக் கூடாது என்று தூக்கிப் போட்டேன்.

"பார்க்க நல்லாத்தானேடா இருக்கு" என்றார். தொட்டிக் கதையைச் சொன்னேன். சம்பளத்தில் பிடித்தார்களா என்று மட்டும் கேட்டார்.