ஒரு பாயின்ட் ஆட்டக்காரன்

வீல்சேர் கூடைப்பந்து அணியில் சேர என்ன செய்யவேண்டும் என்று முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள். பாதிப் பேர் கேள்வியை முடிப்பதற்குள், "ஆனா எனக்கு உட்கார்ந்தாலே பேலன்ஸ் நிக்காது, நான்லாம் சரிப்பட மாட்டேன்" என்று பதிலையும் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தென்னை மரத்திலிருந்து விழுந்தவன். ஊர் ராணிப்பேட்டைப் பக்கம். அடிபட்ட இடம் டி6, அதாவது முதுகுத்தண்டில் நெஞ்சுப் பகுதியின் ஆறாவது எலும்பு என்றார்கள். நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சியும் கிடையாது, அசைவும் கிடையாது. கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காரவைத்தால் அப்படியே சரிந்துவிடுவேன். ஆபரேஷன் முடிந்ததும் வேலூர் பாகாயத்தில் இருக்கும் சி.எம்.சி. மறுவாழ்வு மையத்தில் சேர்த்தார்கள். 1966இல் தொடங்கிய இடம் அது. அது உருவாகக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் நடந்த விபத்தில் கால்கள் செயலிழந்தவர். அதற்குப் பிறகும் வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து பிசியோதெரபிக்குக் கூப்பிட்டால் நான் சாக்குச் சொன்னதில்லை. படுக்கையிலிருந்து வீல்சேருக்கு மாறுவது, நேரம் பார்த்து ட்யூப் போட்டுச் சிறுநீர் எடுப்பது, புண் வராமல் இருக்க அடிக்கடி கையை ஊன்றி இடுப்பைத் தூக்குவது என்று எல்லாம் அங்கே கற்றதுதான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நாள் நகரவில்லை. இடையில் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு அலைந்தோம். 90 சதவீத பாதிப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். நீலப் பட்டை போட்ட யூடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை வந்தது; 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் நீலம். எந்த ஆபீஸுக்குப் போனாலும் முதலில் அந்த எண்ணைத்தான் பார்ப்பார்கள். உதவித்தொகைக்கு அது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் என்னிடமிருந்து எவ்வளவு போய்விட்டது என்பதற்கான எண் அது. வீட்டிலும் "அவனால முடியாது, விடுங்க" என்பார்கள். பாசத்தில் சொன்னதுதான். காலையிலிருந்து ராத்திரி வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தால் பாசமும் பாரமாகிவிடும்.

பாகாயத்தில் பழக்கமான ஒரு அண்ணன் போன் போட்டார். "தம்பி, டீமுக்கு உன்ன மாதிரி ஆள் ஒருத்தர் வேணும், வந்து பாரு" என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்றுதான் நினைத்துப் போனேன்.

அங்கே முதலில் கண்ணில் பட்டது அந்தச் சேர்தான். சக்கரங்கள் நேராக நிற்காமல் மேலே உள்வாங்கியும் கீழே அகன்றும் சாய்ந்திருந்தன. அப்போதுதான் சட்டென்று திரும்பும், எளிதில் குடைசாயாது. பின்பக்கம் சாய்ந்துவிடாமல் தாங்க ஒரு குட்டிச் சக்கரம். பிரேக் கிடையாது. பின்னால் பிடித்துத் தள்ளும் கைப்பிடியும் கிடையாது. விபத்துக்குப் பிறகு வேறு யாரும் தள்ளவே முடியாத ஒரு வண்டியில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். என்னைப்போல வயிற்றில் பலமில்லாதவர்களுக்கு சீட்டைப் பின்பக்கம் தாழ்த்தி, முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி அமைக்கிறார்கள். அப்புறம் இடுப்பு, தொடை, பாதம் என்று மூன்று இடத்தில் பெல்ட். இழுத்துக் கட்டி முடித்ததும் இரண்டு கையையும் மேலே தூக்கச் சொன்னார் கோச். தூக்கினேன். சாயவில்லை.

ஆட்டத்தைப் பழக நாளாகும். பந்தை மடியில் வைத்து இரண்டு முறை சக்கரத்தைத் தள்ளலாம். மூன்றாவது தள்ளலுக்கு முன் பந்தைத் தரையில் தட்டவேண்டும், இல்லையென்றால் பாஸ் செய்யவோ கூடையைப் பார்த்து எறியவோ வேண்டும். கூடை, நின்று ஆடுகிறவர்களுக்கு இருக்கும் அதே பத்தடி உயரத்தில்தான் இருக்கும். என் பந்து வளையத்தைத் தொடவே மாதக் கணக்காயிற்று. சேரோடு கவிழ்ந்து விழுந்தால் பெல்ட் போட்டிருப்பதால் சேரும் நம்மோடு வரும். வயிற்றிலும் பலம் உள்ளவர்கள் தாங்களே நிமிர்ந்துவிடுவார்கள், என்னை மற்றவர்கள் தூக்கி நிமிர்த்துவார்கள். தூக்கிவிட்டு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஆடப் போய்விடுவார்கள். பரிதாபப்பட அங்கே யாருக்கும் நேரமில்லை. அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் 1.0 முதல் 4.5 வரை ஒரு பாயின்ட் கொடுக்கிறார்கள். உடம்பை எந்த அளவுக்கு அசைக்கமுடியும், குனிந்து நிமிரமுடிகிறதா, பக்கவாட்டில் சாய்ந்து பந்தை எடுக்கமுடிகிறதா என்று நாம் ஆடும்போதே பார்த்து முடிவு செய்கிறார்கள். எனக்கு 1.0 வந்தது, இருப்பதிலேயே குறைவு. களத்தில் இருக்கும் ஐந்து பேரின் கூட்டுத்தொகை 14ஐத் தாண்டக்கூடாது. அண்ணன் ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: 4.5, 4, 3, 1.5, கடைசியில் நான் 1. கூட்டினால் சரியாக 14. என்னை எடுத்துவிட்டு 3 பாயின்ட் ஆளைப் போட்டால் 16 ஆகிவிடும். நன்றாகக் கூடை போடும் ஒருவரை வெளியே உட்காரவைக்க வேண்டியதுதான். அவர் போனில் சொன்னது அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. என்னைப்போல ஒருவன் இல்லாமல் அந்த அணி களத்தில் இறங்கமுடியாது.

ஒன் பாயின்டரின் வேலை கூடை போடுவது இல்லை, வழி மறிப்பது. இந்த ஆட்டத்தில் சேரும் உடம்பில் சேர்த்திதான். எதிரணியின் பலசாலி எந்தப் பக்கம் திரும்புவார் என்று முன்கூட்டியே கணித்து, அவர் சக்கரத்துக்கு முன்னால் என் சேரைக் கொண்டுபோய் நிறுத்தவேண்டும். ஒரு மேட்சில் என்னைவிட இரண்டு மடங்கு தோள் அகலமுள்ள ஒருவரைக் கோட்டோரமாக அப்படி நிறுத்திவிட்டேன். அவர் பின்னால் இழுத்துத் திரும்புவதற்குள் எங்கள் 4.5 உள்ளே போய்க் கூடை போட்டுவிட்டார். போட்டவர் திரும்பிப் பார்த்துக் கை நீட்டியது என்னை நோக்கித்தான். ஸ்கோர் ஷீட்டில் என் பெயருக்கு நேராக அன்றும் பூஜ்யம்தான். அதனால் என்ன? அடுத்த நாள் விடியுமுன்பே எழுந்து, வீட்டு வாசலில் தண்ணீர்க் குடத்தை வைத்து அதைச் சுற்றிச் சுற்றிச் சேர் ஓட்டிப் பழகினேன். இப்போது அம்மா ஊராரிடம், "அவனுக்கு பிராக்டீஸ் இருக்கு, சாயந்தரம் வாங்க" என்கிறார்.

சேர விரும்புகிறவர்கள் யூடிஐடி அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேளுங்கள். ஸ்போர்ட்ஸ் சேர் வாங்கப் பணமில்லையே என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள், பழகும் இடத்தில் இரவல் சேர் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். எல்லா அணிக்கும் ஒன் பாயின்டர் தேவை, கிடைப்பதுதான் கஷ்டம். மைதானத்துக்குக் கிளம்பும் முன் ட்யூப் போட்டுச் சிறுநீரை எடுத்துவிடுங்கள். உங்கள் சொந்த குஷனை எடுத்துப் போங்கள். இரவல் சீட்டில் வெறுமனே உட்கார்ந்து ஆடினால் உணர்ச்சியில்லாத இடத்தில் புண் வருவது தெரியாது. வீட்டுக்குத் திரும்பியதும் கண்ணாடி வைத்துப் பின்பக்கம் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். சிவந்திருந்தால், அது மறையும்வரை அடுத்த பிராக்டீஸுக்குப் போகாதீர்கள்.